முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள்

தூத்துக்குடியில் ஒரு லேப்டாப் பரணுக்குப் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று உப்பு, இன்னொன்று டிரைவர். உப்பைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஹார்பருக்குப் போகிற சாலையோரம் உப்பளம், கிழக்கே கடல். ஜன்னல் கம்பியில் தொடங்கி சைக்கிள் செயின் வரை எல்லாவற்றையும் காற்றே அரித்துவிடும். டிரைவர் விஷயம் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. வைஃபை வரவில்லை, சத்தம் வரவில்லை, திரையில் எழுத்து பெரிது பெரிதாகத் தெரிகிறது என்றால் ‘போர்டு போயிட்டு’ என்று யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் அதை நம்பி, துணி சுற்றி மேலே ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப் போய், பிறகு என்னிடம் வந்து சேர்கிற லேப்டாப்களில் நிறைய, எல்லாப் பாகமும் நன்றாக இருக்கிறவை. இயங்குதளத்துக்கும் ஒரு சின்ன சிப்புக்கும் இடையில் பேச்சு அறுந்திருக்கும், அவ்வளவுதான்.

டபிள்யூ.ஜி.சி. சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கப்பல் சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் கிளியரிங் அலுவலகங்கள், உப்பளக் கணக்கு எழுதுகிறவர்கள், திரேஸ்புரம், இனிகோ நகர்ப் பக்கத்துப் பிள்ளைகள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். லினக்ஸ் போட்டு, டிரைவர் ஏற்றித் தரப்படும் என்று பெயர்ப்பலகையில் தமிழில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்டபடி உள்ளே வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் அப்படிக் கேட்பதில்லை. அவர்களில் பலர் வீட்டில் அது ஏற்கெனவே ஒருமுறை வந்து போயிருக்கிறது.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசின் எல்காட் நிறுவனம் மூலம் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் அதில் சேர்ந்தே இருந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, 2007இல் முதல் பதிப்பு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில், யாரும் திறந்து படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஒரு இயங்குதளத்தை, தமிழிலேயே மெனு தெரிகிற மாதிரி ஒரு அரசாங்கம் கொண்டுவந்து கொடுத்ததை நான் இன்றும் பெரிய காரியமாகத்தான் நினைக்கிறேன்.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. இயந்திரத்தைத் திறந்ததும் இரண்டு பெயர்கள் வரும். பிள்ளை விண்டோஸைத் தேர்ந்தெடுக்கும். பிறகு ஏதாவது கெட்டால் கடைக்குப் போகும். கடைக்காரர் இரண்டையும் அழித்துவிட்டு, உரிமம் இல்லாத விண்டோஸ் நகல் ஒன்றை ஏற்றுவார். அதற்கு டிரைவர் தேடி எங்கெங்கோ இருந்து எதையெதையோ இறக்குவார், வைரஸும் கூடவே இறங்கும். அந்தச் சுற்று முடிந்த பிறகுதான் லேப்டாப் பரணுக்குப் போகும். அண்ணன் வாங்கியது தங்கைக்குப் போகாமல் நடுவில் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

டிரைவர் என்றால் என்ன என்பதை எனக்குத் தெரிந்தவரையில் ஹார்பரை வைத்துத்தான் சொல்ல முடியும். என் அப்பா துறைமுகத்தில் பைலட் லாஞ்சில் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து வருகிற கப்பல் நேராக உள்ளே நுழைந்துவிடாது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்சில் போகும் பைலட், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் நூலேணியில் ஏறி மேலே போவார். உலகம் சுற்றிய கேப்டனாக இருக்கலாம். ஆனால் இந்தக் கால்வாயின் ஆழம், அலைத்தடுப்புச் சுவர்கள் இரண்டுக்கும் நடுவில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தத் தளத்துக்கு எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. உள்ளே போக வேண்டும் என்பது கேப்டனின் விருப்பம். அதை ‘இத்தனை டிகிரி திருப்பு, எஞ்சினை மெதுவாக்கு’ என்று இந்தத் துறைமுகத்துக்கு ஏற்ற வார்த்தையாக மாற்றுகிறவர் பைலட். கொச்சியில் கெட்டிக்காரராக இருக்கும் பைலட்டை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் பயனில்லை.

லேப்டாப்பில் கேப்டன், கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்கரு. ‘இந்தப் பக்கத்தை அச்சடி’, ‘இந்தப் பாட்டை ஒலி’ என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியும். எந்தச் சிப்பின் எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை எழுதினால் ஸ்பீக்கரில் சத்தம் வரும் என்பது அந்தச் சிப்புக்கென்று எழுதப்பட்ட டிரைவருக்குத்தான் தெரியும். வைஃபைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, டச்பேடுக்கு ஒன்று. இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் அந்தப் பாகம் மட்டும் ஊமையாகிவிடும். மற்றதெல்லாம் ஓடும்.

விண்டோஸில் பழகியவர்களுக்கு லினக்ஸில் முதலில் குழப்புவது ஒன்று உண்டு. அவர்கள் டிரைவர் சிடி எங்கே என்று தேடுவார்கள். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்கு உள்ளேயே வருகின்றன. ஃபின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது அந்தக் கெர்னல். இன்று அதன் மூலநிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்களே. எந்தச் சிப்பைக் கண்டாலும் அதற்குரிய டிரைவரை எழுப்புவதற்காக ஆயிரக்கணக்கானவை உள்ளே காத்திருக்கின்றன. தேவைப்பட்டது மட்டும் நினைவகத்துக்கு ஏறும். பென்டிரைவ், மவுஸ், கீபோர்டு, பெரும்பாலான வெப்கேமராக்கள் ஆகியவற்றுக்குப் பொதுவான தரம் வகுக்கப்பட்டிருப்பதால், எந்தக் கம்பெனி செய்தது என்றே பார்க்காமல் ஒவ்வொரு வகைக்கும் ஒரே டிரைவர் போதும். ஒரு சராசரி லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு முடித்ததும் பத்துப் பாகங்களில் ஒன்பது தானாக வேலை செய்யத் தொடங்கியிருக்கும். நாம் உட்கார வேண்டியது அந்தப் பத்தாவதோடு மட்டும்தான்.

அந்தப் பத்தாவது யார் என்று கண்டுபிடிக்கத்தான் எண். ஒவ்வொரு சிப்பும் தன்னை இரண்டு எண்களால் அறிவிக்கிறது, முதலாவது செய்த கம்பெனி, இரண்டாவது மாதிரி. இன்டெல்லின் கம்பெனி எண் 8086. அவர்கள் 1978இல் வெளியிட்ட பெயர்பெற்ற செயலியின் எண் அது, அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். ஏஎம்டியின் கிராபிக்ஸ் சிப்கள் 1002 என்று சொல்லும். லினக்ஸில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற ஐந்து ஆங்கில எழுத்தைச் சேர்த்து அடித்து, ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, பிறகு என்.என்.கே. என்ற மூன்று எழுத்து. எல்லாம் சின்ன எழுத்து. என்டர் தட்டினால் உள்ளே இருக்கிற சிப்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பெயர், பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் இரட்டை எண், அதன் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி. எந்த சிப்புக்குக் கீழே அந்த வரி இல்லையோ அதற்குத்தான் டிரைவர் இல்லை. யுஎஸ்பி வழியாக இணைந்தவற்றுக்கு எல்.எஸ்.யு.எஸ்.பி. என்று ஒரு தனிக் கட்டளை.

இந்த ஊரில் இந்தப் பட்டியலுக்கு இன்னொரு உபயோகம் உண்டு. அது நான் வேறெங்கும் படித்ததில்லை, மேசையில் பார்த்துத் தெரிந்துகொண்டது. சிப்பின் பெயர் பட்டியலில் இருந்து, டிரைவர் வரி மட்டும் இல்லையென்றால் அது மென்பொருள் சிக்கல். பெயரே பட்டியலில் இல்லையென்றால் எத்தனை முறை இயங்குதளத்தை மாற்றினாலும் பயனில்லை. திருப்புளியை எடுக்க வேண்டியதுதான். ஒரு உப்பளத்தின் கணக்கர் கொண்டுவந்த லேப்டாப்பில் வைஃபைக்காக யார் யாரோ விண்டோஸை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். லினக்ஸ் பென்டிரைவில் ஓட்டிப் பார்த்தால் பட்டியலில் வைஃபை அட்டையே இல்லை. பின்பக்க மூடியைக் கழற்றினேன். விரல் அகல அட்டை ஒன்று, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்ததும் திரும்பச் செருகினேன். பட்டியலில் பெயர் வந்தது, டிரைவர் தானாகவே ஏறியது. உப்பா டிரைவரா என்பதை அந்த ஒரு கட்டளை பிரித்துக் காட்டிவிடுகிறது. அதனால்தான் எதையும் அழிப்பதற்கு முன்னால் அதை ஓட்டச் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத்து அனுபவமும் ஒன்று சொல்ல வேண்டும். திரேஸ்புரத்திலிருந்து கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற ஒரு பெண் வந்தாள். அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன் பிறகும் சங்குக்காக இறங்குகிற குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அண்ணனுக்கு வாங்கிய லேப்டாப், அதில் யாரோ ஒரு பழைய லினக்ஸ் பதிப்பை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

“எக்கா, இதுல நெட்டு வரமாட்டேங்கு. கடையில போர்டு போயிட்டுன்னு சொல்லுதாங்க. அப்பா புதுசு வாங்க கடன் கேக்கப் போறேங்காவ.”

“அப்பாவ இன்னைக்குப் போக வேண்டாம்னு சொல்லு. இங்க உக்காரு. நாஞ் சொல்லுததை நீயே அடி.”

அவளே அடித்தாள். பட்டியல் வந்தது. வைஃபை சிப் இருந்தது, கீழே டிரைவர் வரி இல்லை. போர்டு போகவில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ரியல்டெக் 8821சிஇ என்கிற, ஏராளமான மலிவு விலை லேப்டாப்களில் இருக்கிற சிப் அது. அதற்கான டிரைவர் கெர்னலுக்குள் சேர்ந்தது 2020 அக்டோபரில் வந்த 5.9ஆம் பதிப்பில். அவள் இயந்திரத்தில் இருந்த கெர்னல் அதற்கு முந்தியது. சிப்பிலும் குறையில்லை, கெர்னலிலும் குறையில்லை, ஒன்றையொன்று சந்தித்ததில்லை. புதிய கெர்னல் உள்ள பதிப்பு ஒன்றை ஏற்றினால் முடிந்தது.

இங்கேதான் பலர் சிக்கி நிற்கும் முட்டுச்சந்து வருகிறது. வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை டிரைவர் வேண்டும். இதற்கு வழி எல்லோர் பையிலும் இருக்கிறது. மொபைலை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அமைப்புகளில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதைத் தட்டினால் போதும். மொபைல் தன்னை ஒரு நெட்வொர்க் அட்டையாக அறிவித்துக்கொள்ளும். அந்த வகை அட்டைக்கான டிரைவர் லினக்ஸில் ரொம்பக் காலமாக இருக்கிறது. சில நொடியில் இணையம் வந்துவிடும். வைஃபை வேலை செய்யவில்லை என்று இயங்குதளத்தையே வெறுத்துப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப் அன்றே சரியானது. பிறகு ஒருநாள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அவள் தெருவில் பரணில் கிடந்த லேப்டாப்களைக் கேட்டு வாங்கி, பென்டிரைவில் லினக்ஸ் ஓட்டி, ஒவ்வொன்றின் எண்களையும் எழுதியிருந்தாள். யார் வீட்டுடையது, எதற்குக் கீழே வரி இல்லை, எது பட்டியலிலேயே இல்லை என்று மூன்று பத்தி. பழுது பார்க்கிற நான் மூன்றாவது பத்தியைப் பற்றி யோசித்தால் போதும், மற்றதை அவளே பார்த்துக்கொண்டாள். அரசு கொடுத்தபோது யாராவது இதை வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று மறுபடி அறிவிப்பு வந்தபோதும் நான் எதிர்பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

சில சிப்களுக்கு டிரைவர் மட்டும் போதாது. ஃபர்ம்வேர் என்று ஒன்று வேண்டும். சிப்புக்குள்ளேயே ஓடுகிற சின்ன நிரல் அது. மின்சாரம் வந்ததும் டிரைவர் அதைச் சிப்புக்குள் ஊட்ட வேண்டும். டிரைவர் திறந்த மூலமாக இருக்கும், ஃபர்ம்வேர் கம்பெனி கொடுத்த மூடிய கோப்பாக இருக்கும். இதை வைத்து டெபியன் சமூகத்தில் பல ஆண்டு விவாதம் நடந்தது. மூடிய எதையும் நிறுவல் வட்டில் வைக்க மாட்டோம் என்ற கொள்கையில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். அதனால் புதிதாக வருகிறவருக்கு வைஃபை வராமல் போனது. 2022இல் வாக்கெடுப்பு வைத்து மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரும் நிறுவல் கோப்போடு சேர்ந்தே வருகிறது. தனித் தொகுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி, வேண்டாதவர் விலக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். பழைய கொள்கையின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் திரேஸ்புரத்துப் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் அந்த வாக்கு சரியான வாக்கு.

டிரைவரை மூடி வைப்பது பழைய கதை. யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததில் ஒரு டிரைவர் கிடைக்காத கோபத்துக்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. தாள் அடிக்கடி சிக்கும், பிரிண்டர் வேறு அறையில் இருக்கும். முந்தைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருக்கிறவருக்குச் செய்தி போகும்படி அவர் நிரலைத் திருத்தியிருந்தார். புதியதற்கு மூலநிரல் தரவில்லை. அதை வைத்திருந்த கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரை நேரில் போய்க் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் அந்த மறுப்பின் கசப்பும் இருந்தது. இன்று என் மேசையில் ஓடுகிற லினக்ஸில் கெர்னலைச் சுற்றியிருக்கும் பல பாகங்கள் அந்தத் திட்டத்தில் வந்தவை.

துறைமுகத்தின் ஆழ வரைபடத்தை யாருக்கும் காட்டமாட்டோம் என்று ஒரு துறைமுகம் சொன்னால் பைலட் என்ன செய்வார்? கயிற்றில் குண்டு கட்டித் தானே ஒவ்வொரு இடமாக ஆழம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் டிரைவர் எழுதியவர்கள் பல சிப்களுக்கு அதைத்தான் செய்தார்கள். கம்பெனியின் மூடிய டிரைவர் சிப்போடு எப்படிப் பேசுகிறது என்று ஆராய்ந்து, அதைப் பார்த்து எழுதினார்கள். பிராட்காம் வைஃபைக்கும் என்விடியா கிராபிக்ஸுக்கும் ஆரம்ப காலத்தில் வந்த கட்டற்ற டிரைவர்கள் அப்படிப் பிறந்தவை. காலம் மாறியது. ஏதெரோஸ் 2008இல் தன் வைஃபைக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. பிராட்காம் 2010இல் சில சிப்களுக்கு வெளியிட்டது. என்விடியா 2022 மே மாதம் தன் கெர்னல் பகுதியைத் திறந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே 2007இல், கெர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், சிப்பின் விவரத்தைக் கொடுங்கள், காசு வாங்காமல் நாங்களே டிரைவர் எழுதித் தருகிறோம் என்று கம்பெனிகளுக்குப் பகிரங்கமாகச் சொன்னார். கடை நடத்துகிற எனக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடிக்கும். தொழில் தெரிந்தவர்கள் கேட்கிற மாதிரி அவர் கேட்டார்.

டிரைவர் கெர்னலுக்கு உள்ளே இருப்பதற்கு நடைமுறையில் ஒரு பெரிய லாபம் உண்டு. கெர்னலின் உள் அமைப்பை மாற்றுகிறவர், அதனால் பாதிக்கப்படுகிற டிரைவர்களையும் சேர்த்தே திருத்திவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய டிரைவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ‘நேத்து வரைக்கும் ஓடிச்சு, அப்டேட் போட்டேன், போயிட்டு’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வெளியிலிருந்து ஏதாவது டிரைவர் ஏற்றினீர்களா? கெர்னல் புதுப்பிக்கப்பட்டிருக்கும், பழைய டிரைவர் அதற்குப் பொருந்தாது. டி.கே.எம்.எஸ். என்ற ஏற்பாடு ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிரைவரை மறுபடி தொகுத்துக் கொடுக்கும். அதன் வழியாக ஏற்றியிருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அவசரத்துக்கு, இயந்திரம் எழும்போது வரும் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். பழையது அழிக்கப்படாமல் அங்கேயே இருக்கும்.

புது லேப்டாப்களில் செக்யூர் பூட் என்று ஒரு காவல் உண்டு. கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற விடாது. உபுண்டு மாதிரியான லினக்ஸ் பதிப்புகளில் வெளி டிரைவர் ஏற்றும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த முறை இயந்திரம் எழும்போது நீலத் திரை ஒன்று வந்து அந்தச் சொல்லைக் கேட்கும். வைரஸ் வந்துவிட்டதென்று பயந்து பலர் அந்தத் திரையைக் கடந்துவிடுகிறார்கள். டிரைவர் ஏறாமலே போகிறது. பயப்பட வேண்டாம், ‘என்ரோல்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் வைத்த அதே சொல்லைக் கொடுங்கள்.

பிரிண்டர் பற்றிச் சொல்லாமல் தூத்துக்குடியில் இதை முடிக்க முடியாது. கிளியரிங் அலுவலகங்களில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று ஓடுகிறது. கார்பன் வைத்த தாளில் ஒரே அடியில் நாலு படி வேண்டும், அதை லேசர் பிரிண்டர் செய்யாது. இந்தப் பழைய பிரிண்டர்களைப் பார்த்து லினக்ஸில் இதெல்லாம் வராது என்பார்கள். அவற்றில் பல எப்ஸன் வகுத்த கட்டளை மொழியைப் பேசுபவை. லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் அந்த மொழிக்குப் பொது டிரைவர் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் அச்சாகும். சமீபத்தில் வந்த வைஃபை பிரிண்டர்கள் இன்னும் சுலபம். மொபைலிலிருந்து நேரடியாக அச்சடிக்கிற தரம் ஒன்றைப் பின்பற்றுவதால், அவற்றில் பல தனி டிரைவரே கேட்பதில்லை. நடுவில் வந்த, மலிவான, ஒரு கம்பெனிக்கே உரிய மொழி பேசுகிற சில லேசர் பிரிண்டர்கள்தான் தொல்லை. வாங்குவதற்கு முன்னால் லினக்ஸில் ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். டிரைவர் வேண்டுமென்று இணையத்தில் தேடி, முதலில் வரும் தளத்தில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தாதீர்கள். லினக்ஸில் டிரைவர் வர வேண்டிய இடங்கள் குறைவு: புதிய கெர்னல், உங்கள் பதிப்பின் மென்பொருள் களஞ்சியம், அதிலுள்ள ஃபர்ம்வேர் தொகுப்பு, கடைசியாகச் சிப் செய்த கம்பெனி. இந்த வரிசையில் தேடினால் கடைசிக்குப் போகிற தேவை எப்போதாவதுதான் வரும். தமிழில் படிக்க வேண்டுமென்றால் 2012இல் தொடங்கிய கணியம் இதழும் அவர்களுடைய மின்னூல்களும் இருக்கின்றன. நிர்வாகி கடவுச்சொல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, பொறுமையாக எழுதியிருக்கிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சிப்பும் புதிய செயலியும் இல்லாத லேப்டாப்கள் வீடுவீடாக இருக்கின்றன. அரசு கொடுத்த பழைய லேப்டாப்களில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் வரும். தட்டெழுத, படிக்க, வகுப்பு பார்க்க, நிரல் எழுதிப் பழக அவை இன்னும் தாராளமாகப் போதும். ஹார்டுடிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் இன்னும் வேகம் கூடும். ஒரு பென்டிரைவில் லினக்ஸை எழுதி, அதிலிருந்தே இயந்திரத்தை எழுப்புங்கள். உள்ளே இருக்கும் எதையும் அழிக்காமல் அப்படி ஓட்டலாம். வைஃபை, சத்தம், கேமரா, டச்பேடு, திரை வெளிச்சம் கூட்டும் பொத்தான், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேலை செய்யாததன் எண்ணை எழுதுங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.

எல்லாவற்றுக்கும் டிரைவர் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். போன மாதம் ஒரு கிளியரிங் அலுவலகத்து அண்ணன் கொண்டுவந்த லேப்டாப்பில் மற்ற எல்லாம் ஓடுகிறது, கைரேகை உணரி மட்டும் ஊமையாக இருக்கிறது. கைரேகை உணரிகளுக்கான டிரைவர்களை எழுதுகிற லிப்எஃப்பிரிண்ட் என்ற திட்டத்தார், எந்தெந்த எண்கள் ஓடும் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். அதில் இவருடைய எண் இல்லை. எண்ணையும் லிப்எஃப்பிரிண்ட் பதிப்பையும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பு வந்ததும் பட்டியலைப் பார்த்துவிட்டு, வந்திருந்தால் போன் போடுவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை கடவுச்சொல்லைத் தட்டித்தான் உள்ளே போகிறார்.